பல் கிளினிக்குக்கு எந்த ஆட்டோகிளேவ்: குக்கர் மாடலா, கிளாஸ் என்-ஆ (N), கிளாஸ் பி-யா (B)?

சேர், எக்ஸ்ரே, கம்ப்ரெசர், ஏசி எல்லாம் வாங்கி முடித்து, மிச்சமிருக்கும் பணத்தில்தான் பல பல் மருத்துவர்கள் ஆட்டோகிளேவ் (அழுத்தத்தில் உள்ள ஆவியால் கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்யும், அதாவது முழுக்கக் கிருமியில்லாமல் ஆக்கும் மெஷின்) பக்கம் வருகிறார்கள். அதனால் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. விற்க வருபவரும் "அதுவும் 121 டிகிரிதான், இதுவும் 121 டிகிரிதான் டாக்டர், எதற்கு வீண் செலவு?" என்பார். வெப்பநிலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் இந்த மெஷின்களுக்குள் உள்ள முக்கியமான வித்தியாசம், உள்ளே அடைந்திருக்கும் காற்றை ஒவ்வொன்றும் எப்படி வெளியேற்றுகிறது என்பதில் இருக்கிறது. விலை ஏறுவதும் பெரும்பாலும் அதற்காகத்தான்.

ஒன்றிரண்டு சேர் போட்டு, புதிதாகத் திறக்கப்போகும் பல் கிளினிக்கை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹேண்ட்பீஸை (பல்லைக் குடையும் சுழல் கருவி) பவுச்சில் (காகிதமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த உறை) போட்டு ஸ்டெரிலைஸ் செய்யப்போகிறீர்கள் என்றால் கிளாஸ் பி (பம்பால் காற்றை உறிஞ்சும் வகை) வாங்குங்கள், மிச்சம் பிடிப்பதை ஏசியில் பிடியுங்கள். அதே சமயம், எல்லாருக்கும் அது கட்டாயம் என்றும் சொல்ல மாட்டேன்.

காற்று செய்யும் கெடுதல்

குளிர்ந்த உலோகத்தின் மேல் ஆவி பட்டதும் தண்ணீராக மாறுகிறது. அப்படி மாறும்போது ஒரு கிராமுக்கு 500 கலோரிக்கும் அதிகமான வெப்பத்தை அந்த இடத்திலேயே இறக்கிவிடுகிறது. அந்த ஈரமும் வெப்பமும் சேர்ந்துதான் கிருமியின் புரதத்தைக் கெடுக்கின்றன. காற்று தேங்கிய இடத்துக்கு ஆவி போய்ச் சேராது. அந்த இடமும் சூடாகும், ஆனால் அது வறண்ட சூடு. வறண்ட சூட்டில் ஸ்டெரிலைஸ் செய்ய 160 டிகிரியில் 2 மணி நேரம் வேண்டும். 121 டிகிரி வறண்ட காற்றில் 15 நிமிடம் இருப்பது கிருமிகளின் வித்துகளுக்கு (சூட்டைத் தாங்கி உறங்கும் வடிவம்) பெரிய தொந்தரவே இல்லை.

பிரஷர் கேஜும் இதைக் காட்டிக்கொடுக்காது. காற்று முழுவதும் போயிருந்தால் 15 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி இருக்கும். பாதிக் காற்றுதான் போயிருக்கிறது என்றால் அதே 15 பவுண்டில் 112 டிகிரி அளவுக்குத்தான் வரும். காற்றை வெளியே விடாமலே வால்வை மூடிவிட்டால் 100 டிகிரியோடு சரி. மூன்று தடவையும் முள் ஒரே இடத்தில் நிற்கும். வீட்டுக் குக்கரில் ஆவி சீராக வந்த பிறகுதான் வெயிட் போடுகிறோம் இல்லையா, அதே காரியம்தான் இங்கேயும். அங்கே அவசரப்பட்டால் பருப்பு வேகாது, அவ்வளவுதான்.

குக்கர் மாடலும் வெர்ட்டிகலும்

குக்கர் மாடல் என்பது கேஸ் அடுப்பில் வைப்பது அல்லது அடியில் காயில் உள்ளது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். வெர்ட்டிகல் என்பது மேல்புறம் திறக்கும் உயரமான ஸ்டீல் டிரம். லேபிலும் சின்ன நர்சிங் ஹோமிலும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்று: உள்ளே ஆவி நிறைய நிறைய, அதைவிடக் கனமான காற்று வால்வு வழியாகத் தள்ளப்பட்டு வெளியேறுகிறது. பம்ப் எதுவும் கிடையாது.

இதைக் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. மவுத் மிரர், ப்ரோப், எக்ஸ்ட்ராக்‌ஷன் ஃபோர்செப்ஸ் போன்ற கெட்டியான உலோகக் கருவிகளை, சுற்றிக் கட்டாமல், ட்ரேயில் இடம் விட்டுப் பரப்பி வைத்தால் குக்கர் மாடல் நன்றாகவே வேலை செய்யும். அடுப்பில் வைக்கும் வகைக்குக் கரண்டும் வேண்டாம். கிராமத்துக்குப் போய் முகாம் போடுபவர்களுக்கு இதைவிட நம்பகமான சாதனம் இன்றைக்கும் இல்லை.

ஆனால் மெஷின் செய்யாத வேலையெல்லாம் இயக்குபவர் தலையில் விழும். எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தே வைத்து, ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வரத் தொடங்கிய பிறகும் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். அப்புறம்தான் வால்வை மூட வேண்டும். நேரத்தை ஸ்விட்ச் போட்டதிலிருந்து எண்ணக்கூடாது, 121 டிகிரி வந்ததிலிருந்து எண்ண வேண்டும்: கட்டாத கருவிக்குக் குறைந்தது 15 நிமிடம், துணியிலோ பவுச்சிலோ இருந்தால் 30 நிமிடம். அணைத்த பிறகு முள் பூஜ்யத்துக்குத் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. சில மாடல்களில் மூடியிலிருந்து ஒரு வளையும் குழாய் தொங்கும், அதை உள்பாத்திரத்தின் ஓரத்தில் இருக்கும் இடுக்கில் செருக வேண்டும். அடியில் தேங்கும் காற்றை உறிஞ்சி வெளியே விடுவது அதுதான். அது ஒடிந்து தொலைந்த மெஷின்கள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரஷரும் வரும், ஆவியும் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

சுற்றிக் கட்டிய பொருளை வைத்தால் கதை மாறிவிடுகிறது. சர்வீஸ் முடித்துக் கொடுக்கும்போது நான் செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. காஸ் துணியை இறுக்கமாக அடுக்கி, நடுவில் ஒரு கெமிக்கல் இண்டிகேட்டர் பட்டையை (ஆவியும் சூடும் போதுமான நேரம் பட்டால் கோடு நகரும் பட்டை) செருகி, துணி சுற்றி, வெளியே ஆட்டோகிளேவ் டேப் ஒட்டி வெர்ட்டிகலில் வைப்பேன். வெளியே எடுத்தால் டேப்பில் கோடுகள் கன்னங்கரேலென்று மாறியிருக்கும். கட்டைப் பிரித்தால், வெளிப்பக்கத் துணி சூடாக, ஈரமாக இருக்கும். நடுவில் கை வைத்தால் காய்ந்திருக்கும். பட்டையில் கோடு பாதிவழி கூட வந்திருக்காது. கட்டைத் தளர்த்தி, சிறியதாக்கி, மறுபடி ஓட்டினால் முழுக்க வரும். மெஷினில் எந்தக் கோளாறும் கிடையாது, துணிக்குள் மாட்டிய காற்றுதான் காரணம். துணி, பஞ்சு வைக்கும் பழைய டிரெஸ்ஸிங் டிரம்களிலும் இதே தொல்லைதான். பக்கவாட்டு ஓட்டைகளைத் திறந்து வைக்க மறந்தால் உள்ளே ஆவி போகவே வழியில்லை.

அடுத்தது உலர்த்தல். இந்த இரண்டு வகையிலும் பெரும்பாலானவற்றில் உலர்த்தும் வசதி கிடையாது, பவுச் நனைந்தே வெளியே வரும். நனைந்த காகிதத்தின் வழியாக வெளிக் கிருமி உள்ளே ஊறிப் போகும் என்பதால், ஈரப் பவுச்சை ஸ்டெரைல் என்று எடுத்துவைக்கவே கூடாது. ஃபேனுக்கு அடியில் காயவைப்பது தீர்வு ஆகாது. ஆகவே இந்த வகை மெஷின் வைத்திருந்தால் கருவிகளை உடனுக்குடன் பயன்படுத்துவதாகத் திட்டமிடுங்கள், ஸ்டாக் வைக்க நினைக்காதீர்கள்.

மலையில் கிளினிக் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. கேஜில் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 117 டிகிரி அளவுக்குத்தான் இருக்கும். 121 வர 18 பவுண்டுக்கு மேல் வேண்டும். 15 பவுண்டுக்கே வெயிட் தூக்கிவிடும் குக்கர் மாடலில் அதற்கு வழியில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெப்பநிலையை சென்சாரால் அளந்து ஓடும் மெஷினைத்தான் வாங்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்திலும் குக்கர் வகைக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். மூடியின் நட்டுகளை எதிரெதிராக ஜோடி ஜோடியாக இறுக்க வேண்டும். வெடித்துப் பிளந்த கேஸ்கெட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டு ஓட்டக்கூடாது. சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறது என்று டெஃப்லான் டேப் சுற்றி அடைத்து வைத்திருந்த ஒரு மெஷினைப் பார்த்தபோது, அந்த அறையில் நிற்கவே எனக்குக் கால் வரவில்லை. கசியும் வால்வை மாற்ற ஆகும் செலவு ஒரு ஃபில்லிங்குக்கு வாங்கும் பணம்கூட இருக்காது. முன்பக்கம் கதவு உள்ள டேபிள்டாப் மெஷின்களில், அழுத்தம் இறங்கும்வரை கதவு திறக்காதபடி லாக் இருக்கும். வேலையாள் அடிக்கடி மாறும் கிளினிக்குக்கு இந்த ஒன்றுக்காகவே டேபிள்டாப் வாங்கலாம்.

என், எஸ், பி

சிறிய ஆவி ஸ்டெரிலைசர்களுக்கான ஐரோப்பியத் தர நிர்ணயம் ஈஎன் 13060. 60 லிட்டருக்கு உட்பட்ட மெஷின்களை அது மூன்றாகப் பிரிக்கிறது. கிளாஸ் என் (N) என்றால் கெட்டியான, சுற்றாத கருவிகளுக்கு மட்டும். உள்ளே ஓட்டை இருந்தாலோ, பவுச்சில் இருந்தாலோ, துணியாக இருந்தாலோ கிளாஸ் பி. கிளாஸ் எஸ் என்பது தயாரிப்பாளர் எதெதற்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரோ அதற்கு மட்டும்.

கிளாஸ் என், நவீனத் தோற்றத்தில் வரும் கிராவிட்டி மெஷின்தான், அதாவது குக்கர் மாடல் போல ஆவியே காற்றைத் தள்ளி வெளியேற்றும் வகை. டிஜிட்டல் டிஸ்ப்ளே, வெள்ளை பாடி, உலர்த்தும் ஹீட்டர் எல்லாம் இருக்கும், பெட்டியின் மேல் பவுச் படம்கூடப் போட்டிருப்பார்கள். மருத்துவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். என்னைக் கேட்டால், கெட்டியான கருவிக்கு மட்டும் என்றால் குக்கர் மாடலே போதும். ஹேண்ட்பீஸும் உண்டு என்றால் கிளாஸ் என் போதாது. நடுவில் இதற்கு இருக்கும் இடம் மிகவும் குறுகியது: லாக் உள்ள கதவு, தானாக நேரம் பார்க்கும் வசதி, இந்த இரண்டுக்காக வாங்கலாம். அவ்வளவுதான்.

கிளாஸ் பியில் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். காற்றை உறிஞ்சும், ஆவியை விடும், மறுபடி உறிஞ்சும், மறுபடி ஆவி. இப்படிச் சில சுற்று ஓடிய பிறகே ஸ்டெரிலைசேஷன் தொடங்கும். ஒரே தடவை உறிஞ்சினால் மெல்லிய துளையில் மாட்டிய காற்று முழுக்கப் போகாது, அதனால்தான் இத்தனை சுற்று. பிறகு 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம். ரப்பர் போன்ற பொருட்களுக்கு 121 டிகிரி சைக்கிளும் இருக்கும். கடைசியில் அதே பம்ப் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும். பவுச் காய்ந்தே வெளியே வரும்.

ஹேண்ட்பீஸுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அதற்குள் தண்ணீருக்கும் காற்றுக்கும் தலைமயிர்க் கணக்கில் துளைகள் ஓடுகின்றன. ஓட்டத்தை நிறுத்தும் நொடியில் நோயாளியின் எச்சிலும் ரத்தமும் கொஞ்சம் உள்ளே இழுக்கப்படும். வெளியே துடைத்து ஸ்பிரிட் போட்டால் அந்த உள்பக்கத்தை யார் சுத்தம் செய்வது? ஹேண்ட்பீஸை முதலில் தண்ணீர் ஓட்டிக் கழுவி, கம்பெனி சொன்னபடி எண்ணெய் விட்டு, மிஞ்சிய எண்ணெயைக் காற்றால் ஊதிவிட்டுத்தான் பவுச்சில் போட வேண்டும். ஆட்டோகிளேவ் செய்தால் பேரிங் போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. எண்ணெய் விடாமல் வைப்பதாலும் 135 டிகிரி தாங்கும் என்ற குறி இல்லாத மலிவு ஹேண்ட்பீஸை வைப்பதாலும்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது.

சந்தையில் "வேக்குவம் உண்டு" என்று சொல்லி விற்கும் எல்லாம் கிளாஸ் பி ஆகிவிடாது. ஒரே ஒரு தடவை உறிஞ்சும் மெஷினும் உண்டு, கடைசியில் உலர்த்த மட்டும் பம்ப் ஓடும் மெஷினும் உண்டு. பணம் கொடுக்கும் முன் ஹெலிக்ஸ் டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை மீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஒரு குழாய். அதன் மூடிய முனையில் உள்ள கேப்சூலுக்குள் இண்டிகேட்டர் பட்டை. அவ்வளவு தூரம் அந்தக் குழாய்க்குள் ஆவி போய்ச் சேர்ந்தால்தான் பட்டை நிறம் மாறும். டெமோவுக்கு ஒரு சைக்கிள் நேரம் உட்காரத் தயங்குகிற விற்பனையாளரிடம் நான் என்றால் வாங்க மாட்டேன்.

கிளாஸ் பியின் பாரம்

விலை லட்ச ரூபாயைச் சுற்றித் தொடங்கி, இறக்குமதி மாடல்களில் அதைப்போல் சில மடங்கு வரை போகும். ஆனால் வாங்கிய பிறகு தொல்லை கொடுப்பது தண்ணீர்தான். நம் ஊர்களில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அதை ஊற்றினால் சில மாதத்தில் சேம்பருக்குள் வெள்ளையாகப் படியும், கருவிகளில் கறை விழும், சோலனாய்டு வால்வு ஒட்டிக்கொள்ளும். "கேன் தண்ணீர்தான் சார் ஊற்றுகிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். குடிக்கும் கேன் தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது, ருசிக்காகச் சேர்ப்பதும் உண்டு. டிஸ்டில்டு அல்லது டீமினரலைஸ்டு தண்ணீர் மட்டுமே. மாதாமாதம் வாங்குவதைவிட மேஜை மேல் வைக்கும் சின்ன டிஸ்டில்லர் ஒன்று வாங்கிவிடலாம், கொஞ்ச நாளில் அதன் பணம் வந்துவிடும்.

கரண்ட் அடுத்தது. 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும் மெஷின் என்பதால் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. சைக்கிள் நடுவில் கரண்ட் போனால் அந்த லோடு ஸ்டெரைல் ஆகவில்லை என்றே கணக்கு. முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் ஜெனரேட்டர் இல்லாமல் கிளாஸ் பியை மட்டும் நம்பிக் கிளினிக் நடத்த முடியாது. அங்கே ஒரு குக்கர் மாடலையும் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்வேன், கெட்டிக் கருவிகளுக்கு அது கை கொடுக்கும்.

லிட்டர் கணக்கில் குழம்பத் தேவையில்லை. 18 லிட்டரும் 23 லிட்டரும் தான் பொதுவாகக் கிடைக்கும். பவுச் போட்ட சைக்கிள் உலர்த்தலோடு சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். பெரிய மெஷின் வாங்குவதைவிட அந்தப் பணத்தில் இரண்டு ஹேண்ட்பீஸ் கூடுதலாக வாங்குவது நல்லது. ஹேண்ட்பீஸ் குறைவாக இருந்தால், அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும்போது அசிஸ்டென்ட் உலர்த்தும் நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார். பவுச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி அடுக்கினால் கிளாஸ் பியும் தோற்றுவிடும். காகிதப் பக்கமும் பிளாஸ்டிக் பக்கமும் மாறி மாறி வரும்படி ரேக்கில் நிறுத்தி வைக்க வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொதிக்க வைப்பது வித்துகளைக் கொல்லாது. யூவி பெட்டி ஏற்கெனவே ஸ்டெரைல் ஆனதை வைக்கும் அலமாரி, அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் ஸ்டெரிலைஸ் ஆக 10 மணி நேரம் ஊற வேண்டும், இருபது நிமிடம் ஊறினால் வித்துகள் எல்லாம் சாகாத ஹை லெவல் டிஸ்இன்ஃபெக்‌ஷன் மட்டும்தான், வாடையும் கண்ணெரிச்சலும் தனி. ஹாட் ஏர் அவன் கெட்டி உலோகத்துக்கும், ஆவி ஊடுருவாத எண்ணெய், பவுடர் வகைகளுக்கும் நல்லது; ஹேண்ட்பீஸை அதில் வைத்தால் எடுத்துப் போட வேண்டியதுதான். பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் சிஎஸ்எஸ்டியில் (கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்யும் மையப் பிரிவு) கொடுத்து வாங்குவது கேட்க நன்றாக இருக்கும். தினமும் இரண்டு தடவை கொண்டுபோய்க் கொண்டுவர ஆள் இருந்தால் பாருங்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும்

டேப் கறுத்துவிட்டது என்றால் அந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பயன்படுத்தாததையும் பயன்படுத்தியதையும் பிரித்தறிய அது போதும். பொட்டலத்துக்குள் வைக்கும் கிளாஸ் 5 இண்டிகேட்டர், நேரம், வெப்பநிலை, ஆவி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். உண்மையான சோதனை ஸ்போர் டெஸ்ட். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டுக்கு அசராத கிருமியின் வித்துகள் உள்ள சின்னக் குப்பியை லோடோடு ஓட்டி, பிறகு 55 முதல் 60 டிகிரியில் வளர விட்டுப் பார்ப்பது. வாரம் ஒரு தடவை செய்யச் சொல்கிறார்கள். கிளாஸ் பி வாங்கிவிட்டு இதைச் செய்யாதவரைவிட, குக்கர் மாடலை வைத்துக்கொண்டு இதை ஒழுங்காகச் செய்பவரிடம் நான் பல் பிடுங்கிக்கொள்வேன்.

கருவியைத் தேய்த்துக் கழுவாமல் வைத்தால் எந்த மெஷினாலும் பயனில்லை. காய்ந்த ரத்தத்தின் அடியில் ஆவி போகாது. ஃபோர்செப்ஸின் வாயைத் திறந்தே வைக்க வேண்டும். ப்ளீச்சில் ஊறவைத்ததை அலசாமல் உள்ளே வைத்தால் வாடையும் வரும், ஸ்டீலும் அரித்துப் போகும். பயோமெடிக்கல் கழிவுக்கென்று தனி ஆட்டோகிளேவ்தான் இருக்க வேண்டும், 2016 விதிகளில் அதற்கு நேரக் கணக்கே வேறு: கிராவிட்டி வகையில் 121 டிகிரியில் குறைந்தது 60 நிமிடம்.

மெஷினைத் தாண்டியும் கவனிக்க வேண்டும். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புபடுத்தப்பட்ட நியூரோமெலியாய்டோசிஸ் (மூளையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோய்) தொற்றில் எட்டுப் பேர் இறந்தார்கள். விசாரணையில், ஸ்டெரைல் இல்லாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதே பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது காரணமாகச் சுட்டப்பட்டது. அந்தக் கிளினிக்கில் எவ்வளவு விலையுயர்ந்த ஆட்டோகிளேவ் இருந்திருந்தாலும், அந்தப் பாட்டிலுக்கு அது எந்த உதவியும் செய்திருக்காது. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. ஆட்டோகிளேவில் போட முடியாத சலைனுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும், ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில் என்று.

சரி, முடிவு. கன்சல்டேஷனும் எக்ஸ்ட்ராக்‌ஷனும் மட்டும் செய்யும் சின்ன ஊர்க் கிளினிக், ஹேண்ட்பீஸ் வேலை இல்லை, கரண்ட் நிச்சயமில்லை என்றால் நல்ல குக்கர் மாடல் ஒன்று, போதுமான செட் கருவி, மாதம் முழுக்க இண்டிகேட்டர் பட்டை. ரூட் கேனால், கிரவுன், இம்ப்ளான்ட் என்று போகப்போகிறீர்கள் என்றால் 18 லிட்டர் கிளாஸ் பி, டிஸ்டில்லர், சேருக்கு நாலு ஹேண்ட்பீஸாவது. கையில் பணம் இப்போது இல்லை என்றால், கிளாஸ் என்னில் போய்ப் பாதிப் பணத்தை முடக்காமல், செகண்ட் ஹேண்ட் கிளாஸ் பி பாருங்கள். வாங்கப் போகும்போது ஹெலிக்ஸும் ஒரு கட்டு பவுச்சும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை சைக்கிள் ஓடியிருக்கிறது என்று மெனுவிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். சேம்பர் மூலையில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, கேஸ்கெட் ஓரம் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பேர் கிடைக்கும் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். அந்த மாடலின் கேஸ்கெட் ஒன்றையும் பாக்டீரியல் ஃபில்டர் ஒன்றையும் மெஷினோடு சேர்த்தே பில் போடச் சொல்லுங்கள். இரண்டையும் கொடுக்க முடியாதவரால் இரண்டு வருடம் கழித்து வேக்குவம் பம்பும் கொடுக்க முடியாது.